வலது பக்கத்துப் பை

நில் என்றால் நிற்க வேண்டும். ஒரு மிஷினுக்கு அதைவிடப் பெரிய குணம் வேறென்ன வேண்டியிருக்கிறது? சந்திரமதி முப்பது வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறாள். காலை எடுத்தால் ஊசி நிற்கும். கழுத்து வளைவில் ஒரு தையல் கூடப் போகாது, ஒரு தையல் குறைந்தும் நிற்காது. இந்த டிவிப் பெட்டிக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. ரிமோட்டில் இரண்டு கோடு போட்ட பொத்தானை அழுத்தினால், காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியாமல் படம் பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டு மூச்சு விட்ட பிறகு, அடடா நம்மைத்தானே கூப்பிட்டார்கள் என்று ஞாபகம் வந்தாற்போல நிற்கிறது. அது நிற்கிற இடத்தில் அவன் இல்லை. சுழியம் பலகாரத்தைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிக்காரப் பெண்ணின் வாய்தான் திரை முழுக்க இருக்கிறது. ஏழாவது தடவையாக அந்த வாயைப் பார்த்தாகிவிட்டது. கடைவாயில் ஒரு பல் அடைத்திருப்பது வரைக்கும் தெரிந்துபோயிற்று. மணி பத்து ஐம்பத்தைந்து. பதினொன்றரைக்கு இந்தப் பதிவு போய்விடும், திரையின் மூலையில் சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, இன்று காலை 11.30 வரை மட்டும் என்று. போன புதன்கிழமை ஒளிபரப்பானது, ஏழு நாள் வைத்திருப்பார்கள், பிறகு யாருக்கும் கிடையாது. இதைப் பதிவு பண்ணி எங்கேடா வைக்கிறான் என்று பெட்டியை மாட்டிக்கொடுத்த அன்றைக்கு மகனைக் கேட்டாள். மேகத்தில் இருக்கிறது என்றான். மேகத்தில் இருப்பது என்றைக்குக் கேட்ட நேரத்துக்கு இறங்கி வந்திருக்கிறது என்று அப்போதே சொன்னாள். அவன் சிரித்தான். இப்போது சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

பார்த்தது என்னவோ இரண்டு இமைப்பு நேரம்தான். கோதண்டம் பழைய டிப்போ சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கென்று நேற்றே பழனிக்குப் போய்விட்டார், வீட்டிலிருக்கும் ஒரே பெரிய போனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. புருஷன் இல்லாத வீட்டில் சத்தத்துக்கு ஏதாவது ஓடட்டும் என்றுதான் பெட்டியைப் போட்டாள். முதலில் வந்ததை அழுத்தினாள். ஒரு பெண் காவிரிக்கரையோரமாகப் பதினோரு ஊருக்குப் போய்ப் பதினோரு பலகாரம் தின்கிறாள். தின்னட்டும் என்று மேகலா டீச்சரின் ஊதா ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தவள், நூலைப் பல்லால் கடிக்கத் தலையைத் தூக்கினாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு குறுகலான கடை. வாசலில் ஒருத்தன் வந்து நின்றான். இடது கை எழும்பி, மார்பின் வலது பக்கத்துப் பைக்குள் போய், மூக்குக்கண்ணாடியை எடுத்தது. போட்டுக்கொண்டான், கேமராவைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான். நூல் பல்லிலேயே நின்றுவிட்டது. சட்டைக்கு வலது பக்கத்தில் பை வைத்துத் தைத்துக்கொள்கிறவன் இந்த உலகத்தில் எத்தனை பேர்? கடைக்கு மேலே ஒரு போர்டு. பெயரெல்லாம் அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் போய்விட்டது, கடைசியில் 'லர்ஸ்' மட்டும் எட்டிப்பார்த்தது, டெய்லர்ஸாகத்தான் இருக்கும். கதவோரத்துப் பலகையில், இடுப்பு உயரத்தில், மஞ்சள் பெயிண்டில் பத்து எண். போன் நம்பர். எந்த ஊர் என்றும் தெரியவில்லை. ஊர்ப்பெயரைச் சொல்கிற நேரத்தில் பார்த்து மத்தளத்தைத் தட்டிவிட்டார்கள் புண்ணியவான்கள். பதினோரு ஊரில் ஒன்று. பதிமூன்று வருஷத்தில் கையில் கிடைத்தது அந்தப் பத்து எண்தான். அதைப் படிக்க வேண்டும், அதற்குப் படம் நிற்க வேண்டும்.

எட்டாவது தடவை. முன்கூட்டியே அழுத்திப் பார்த்தாள். இரண்டு மூச்சு தாமதம் என்று தெரிந்துவிட்டதே, சுழியம் எண்ணெயிலிருந்து வெளியே வரும்போதே அழுத்தினால் அவன் வாசலுக்கு வரும்போது நிற்கும், இதென்ன பெரிய வித்தை. நின்றது. தெய்வமே, நின்றுவிட்டது. அவன் இருக்கிறான். ஆனால் நின்ற உடனே திரையின் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பட்டை எழும்பி வந்தது, நிகழ்ச்சியின் பெயர், எத்தனை நிமிஷம் ஓடியது, எத்தனை நிமிஷம் பாக்கி என்று சகல ஜாதகத்தையும் எழுதிக்கொண்டு, சரியாக இடுப்பு உயரம் வரைக்கும். அந்த மஞ்சள் எண்ணெல்லாம் பட்டைக்கு அடியில். போகும், கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போயிற்று. போன கையோடு திரை முழுக்க ஒரு குக்கர் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. நீ நிறுத்தி வைத்திருக்கிறாய், சும்மாதானே இருக்கிறாய், குக்கரைப் பார் என்கிறது. விளம்பரத்தைத் தள்ளினால் படம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. பின்னால் போகும் பொத்தானைத் தட்டினால் பத்து நொடி போகாமல் அரை நிமிஷம் போகிறது, போன இடத்தில் எல்லாம் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்க்கிற மாதிரி மங்கல். கொஞ்ச தூரம் ஓடித்தான் தெளிகிறது, தெளிகிற நேரத்தில் அவன் உள்ளே போய்விடுகிறான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், இங்கே கண்ணுக்கு எட்டினது கண்ணுக்கே எட்டவில்லை. ஒன்பதாவது தடவை பாதியில் நின்று, 'நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று கேட்டது. பார்க்காமல்? வாய்விட்டே சொல்லிவிட்டாள் சந்திரமதி. பதிமூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில், தேர்க்கூட்டத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆம்பளைகளின் முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கிறவள் என்று பெயர் வாங்கியது மட்டும்தான் மிச்சம்.

ஞானவேலுக்கு எழுத்து, சோறு, அடி எல்லாமே இடது கை. ஏழு வயசு இளைய தம்பி, அவள் இடுப்பில் வளர்ந்தவன். இடது கையால் சோற்றைத் தொட்டால் அம்மா கரண்டிக் காம்பால் தட்டுவாள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மணிக்கட்டில் தட்டுவார். தட்டத் தட்ட அந்தக் கை இன்னும் பிடிவாதமானது. ஒன்பதாம் வகுப்பில் யூனிபார்ம் தைக்கும்போது, சட்டைப்பையிலிருந்து பேனா எடுக்க அவன் இடது கையை மடக்கி, இடது பக்கத்துக்கே திருப்பி, நண்டு மாதிரி அவஸ்தைப்படுவதைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது இருபத்தொன்று, சொந்தமாக மிஷின் வாங்கின புதுசு. யாரையும் கேட்கவில்லை. பையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். சட்டையைப் போட்டவன் இடது கையைத் தூக்கினான், கை நேராக வலது மார்புக்குப் போய்ப் பைக்குள் விழுந்தது. திரும்பத் திரும்ப விட்டு எடுத்தான். அன்றைக்குச் சாயங்காலம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பித்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அவன் போட்ட ஒவ்வொரு சட்டையும் அவள் தைத்ததுதான், ஒவ்வொரு பையும் வலது பக்கம்தான். ஒன்றைத் தவிர. இல்லை, அதற்கு இப்போது போக வேண்டாம். மணி பதினொன்று மூன்று. அந்த நினைப்புக்குப் போனால் திரும்பி வருவதற்குள் பதினொன்றரை ஆகிவிடும், அவளுக்கு அவளைத் தெரியும்.

மகன் விவேக்கைக் கூப்பிட்டாள், ஓசூரில் கம்பெனி லைனில் நிற்கிறவனை வேலை நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று தெரிந்தும். அவன் பதறிப்போய் அப்பாவுக்கு என்ன என்று கேட்டான். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, டிவியை எப்படி நிறுத்துவது என்றாள். அந்தப் பக்கம் அவன் விட்ட மூச்சு ஓசூரிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் கேட்டது. இரண்டு கோடு இருக்கும் பொத்தானை அமுக்கச் சொன்னான். அமுக்கினால் என்னென்ன நடக்கிறது என்று அவள் வரிசையாகச் சொன்னாள். நெட்டு மெதுவாக இருக்கும், சாயங்காலம் பேசலாம் என்றான். மாமாவைப் பார்த்தேன்டா என்றாள். எந்த மாமா என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, மாமா போனபோது அவனுக்குப் பத்து வயசு, இந்த வீட்டில் அந்தப் பெயரை எடுக்காமலிருக்கப் பழக்கிக் கொடுத்ததும் அவள்தான். சரி வேலையைப் பார் என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு பயம் வந்தது. எந்த மாமா? அவன்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? முகத்தையா பார்த்தாய்? கன்னம் உப்பியிருந்தது, முன்மண்டை வழுக்கை, அவன் கண்ணாடியே போட்டதில்லை. கையைத்தானே பார்த்தாய். ஒருவேளை படத்தையே இடம் வலமாக மாற்றிப் போட்டிருந்தால்? பெண்களுக்கு அளவு பார்க்க நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தும்போது அவளுக்கே சில சமயம் எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று குழம்பிவிடும். பிறகு ஞாபகம் வந்தது, 'லர்ஸ்' நேராகத்தான் இருந்தது. எழுத்து நேராக இருந்தால் கையும் நேர். அவன் இடக்கைக்காரன், பை வலது பக்கம். சந்தேகத்துக்கெல்லாம் உட்கார இடம் கொடுத்தால் அது படுக்கப் பாய் கேட்கும். முதலில் நம்பரைப் படி, அவனா இல்லையா என்று அவனையே கேட்டுக்கொள்ளலாம்.

பத்தாவது தடவை ஓடும்போது கேட் சத்தம். மேகலா டீச்சர், ரவிக்கை வாங்க வந்திருக்கிறாள். தையல்காரி சொன்ன தேதி என்றால் ஊரில் ஒரு சிரிப்பு உண்டு. அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுக்காமல் முப்பது வருஷம் ஓட்டினவள் சந்திரமதி, சொன்ன தேதி, சொன்ன மணி. இன்றைக்கு எழுந்து கதவைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு வாங்க டீச்சர் என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். என்ன, உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள் அவள். ஆமா என்றாள். பொய்யும் இல்லை அது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு டீச்சர் தெருமுனை திரும்பின பிறகுதான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தப் பொம்பளை கையில் ஒரு பலகை அகலத்துக்குப் போன் இருக்குமே, எதைப் பார்த்தாலும் படம் எடுப்பாளே, போன வாரம் இந்தக் கட்டிங் மேஜையைக்கூட எடுத்தாளே. அதில் நாலு படம் பிடித்திருந்தால் முடிந்தது கதை. வாசலுக்கு ஓடினாள், தெரு காலியாகக் கிடந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சரியாகத்தான் இருக்கிறது. சரி, போனது போகட்டும். இன்னொருத்தர் போனும் வேண்டாம், இன்னொருத்தர் கண்ணும் வேண்டாம். அவனைத் தொலைத்தது இந்தக் கைதான், எடுப்பதும் இந்தக் கையாகவே இருக்கட்டும். மணி பதினொன்று எட்டு. திரும்பி வந்து பார்த்தால், அவள் வாசலில் நின்ற நேரத்துக்குப் பெட்டி தானாக நிகழ்ச்சியை மூடிவிட்டு முதல் பக்கத்துக்குப் போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து, மூன்று விளம்பரம், தள்ள முடியாத விளம்பரம்.

விளம்பரம் ஓடுகிற நேரத்தில் அது வந்தேவிட்டது, வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த நிச்சயதார்த்தச் சட்டை. சந்தன நிறத்தில் பட்டுக் கலந்த துணி. பெண் வீடு வத்தலக்குண்டில். நல்ல இடம், ஞானவேலுக்கு இருபத்தொன்பது வயசில் அமைந்த இடம். சபையில் இடது கையை நீட்டிவிடுவானோ என்று அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊர் பழியை அம்மா மேல் போடலாம், அவளும் போட்டுப் பார்த்திருக்கிறாள், எங்கேயும் நிற்கவில்லை. யோசனை அவளுடையது. துணி சொன்னால் உடம்பு கேட்கும் என்பது அவளுடைய தொழில் நம்பிக்கை. கூனல் விழுகிற பெண்ணுக்கு முதுகை ஒரு இழுப்பு இழுத்துத் தைத்தால் நிமிர்ந்து நடப்பாள், அக்குளைப் பிடித்துத் தைத்தால் கையை வீசுகிறவள் அடக்கமாக வருவாள். கண்ணால் கண்டது. அப்படி, பையை இடது பக்கம் வைத்துவிட்டால் வலது கை தானாக எழும்பும் என்று நினைத்தாள். ஒரு நாள், ஒரு சபை, அது முடிந்தால் மறுபடி வலது பக்கம். அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போட்டிருக்கவே மாட்டான், அதனால் சொல்லவில்லை. சபையில் லக்னப் பத்திரிகையைப் பெண்ணின் பெரியப்பா நீட்டினார். ஞானவேல் வலது கையால்தான் வாங்கினான், அம்மா சொல்லிக் கொடுத்தபடி, சமத்தாக. வாங்கியதைப் பையில் வைக்க வேண்டுமே. காகிதம் இடது கைக்கு மாறியது, இடது கை வலது மார்புக்குப் போனது. அங்கே பை இல்லை. வெறும் துணியில் காகிதத்தை வைத்து அழுத்தினான், அது சறுக்கிக் கீழே விழுந்தது. அவனால் நம்ப முடியவில்லை, இன்னொரு தடவை தடவிப் பார்த்தான். யாரோ ஒரு பெண் சிரித்தாள். யாரோ ஒருத்தி நிச்சயப் பத்திரிகை தரையில் விழலாமா என்றாள். குனிந்து எடுக்கும்போது கூட்டத்தில் அவன் தேடியது ஒரே ஒரு முகத்தைத்தான், அக்காவுடையதை. இந்த இடம் மட்டும் அவள் மனசுக்குள் எப்போது ஓடினாலும் சொன்னாற்போல நிற்கும். பொத்தான் வேண்டாம், பட்டை வராது, குக்கர் வராது. அவன் முகம், ஒரு மங்கலும் இல்லாமல்.

அன்றைக்குச் சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டிங் மேஜையில் விரித்துப் போட்டான். "இது கை தவறி வச்சதாக்கா, வேணும்னே வச்சதா?" என்று கேட்டான். கோபமில்லை அதில், அளவு கேட்கிற மாதிரி கேட்டான். அவள் கத்தரியை எடுத்துக் கீழே வைத்து, மறுபடியும் எடுத்து, "கை தவறிருச்சுடா" என்றாள். அவன் அவளையே பார்த்தான். "உனக்கா?" என்றான். மூன்றாம் நாள் விடிந்து பார்க்கும்போது ஆள் இல்லை. பையை அப்படி வைத்தது முட்டாள்தனம், அதை அவன் மன்னித்திருப்பான். அவனைப் பார்த்துச் சொன்ன அந்தப் பொய்யைத்தான் தாங்காமல் போனான், அது அவளுக்கு அன்றைக்கே தெரியும். அவன் போன பிறகு ஆம்பளைச் சட்டை தைப்பதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ரவிக்கையில் வேலை குறைச்சல் என்றாள், அதுவும் பொய்தான். அம்மா சாகும்போது அவன் எங்கே என்று கேட்கவில்லை, ஏன் போனான் என்று கேட்டாள். அவன் திரும்பி வர வேண்டும் என்றுகூட இப்போது சந்திரமதி கேட்கவில்லை. அவன் காதில் ஒரே ஒரு வார்த்தையைத் திருத்திப் போட வேண்டும், அது போதும். தப்பாகத் தைத்ததைப் பிரிக்காமல் வைத்திருக்கிற தையல்காரி உண்டா?

மணி பதினொன்று பதினைந்து. விளம்பரம் முடிந்து, நிகழ்ச்சி சுழியம் பொரிக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. அவள் ரிமோட்டைக் கையில் எடுத்தாள், எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவ்வளவு நேரமும் நிற்காததை நிற்கச் சொல்லி மல்லுக்கு நின்றதுதான் தப்பு. நிற்க வேண்டாமே. ஓடட்டும். நிறுத்தினால்தானே பட்டை வரும், நிறுத்தினால்தானே குக்கர் வரும். நிறுத்தாமல் விட்டால் அந்த நம்பர் இரண்டு இமைப்பு நேரம் வெட்டவெளியாக நிற்கிறது. ஓடுகிற ஊசியில் நூல் அறுந்தால் அடுத்த தையலுக்குள் கண்டுபிடிக்கிற கண் இது. பத்தையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்க ஆசைப்பட்டால் பத்தும் போகும், ஒரு ஓட்டத்துக்கு இரண்டோ மூன்றோ பார்த்தால் போதும். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்தாள். எழுதத் தாள் தேடவில்லை, மேஜையில் கிடந்த டீச்சரின் ஊதாத் துணியின் மிச்சத்தைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எண்ணெயில் சுழியம் விழுகிறது. திரும்புகிறது. வெளியே வருகிறது. ஒன்று, இரண்டு, அந்தப் பெண் ஊதுகிறாள், மூன்று, அவன். அவனைப் பார்க்காதே. அதுதான் கஷ்டம். பதிமூன்று வருஷமாகத் தேடின முகம் மேலே வந்து நிற்கிறது, அதை விட்டுவிட்டு இடுப்பு உயரத்தில் மஞ்சள் பெயிண்டைப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் கண் மேலே போய்விட்டது. காதோரம் நரைத்திருக்கிறான் என்று தெரிந்தது, நம்பரில் ஒன்றும் தெரியவில்லை. தன்னையே ஒரு வசவு வைதுகொண்டாள். இரண்டாவது ஓட்டத்தில் கண்ணை முன்கூட்டியே அந்தப் பலகையில் ஊன்றி வைத்தாள், ஆள் வந்தான், போனான், மூன்று எண் துணியில் ஏறியது. பின்னால் போகும் பொத்தானை இரண்டு தட்டு தட்டினாள். கூடுதலாகப் போனால் போகட்டும், மங்கல் தெளிவதற்கு அந்தத் தூரம் வேண்டும், அந்தக் குறையும் இப்போது உதவிக்கு வந்தது. மூன்றாவதில் இரண்டு. நாலாவதில் நடுவே ஒரு விளம்பரம், அது முடியும் வரைக்கும் எழுதின எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு எண். அடுத்ததில் இன்னும் இரண்டு. பதினொன்று இருபத்தெட்டு. ஒன்பது எண் ஊதாத் துணியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கின்றன. பத்தாவது எண்ணை மட்டும் அவன் வேட்டி மறைக்கிறது, அவன் வாசலுக்கு வருவதற்கு முந்தின ஒரு பொட்டு நேரம்தான் அது தெரிகிறது. கடைசி ஓட்டம். சுழியம் விழுந்தது, திரும்பியது, வெளியே வந்தது. அவள் இமைக்கவில்லை. தலைப்பகுதி தெரிந்தது, மேலே ஒரு வளைவு, ரவுண்டு கழுத்து மாதிரி. கீழே என்ன என்று பார்ப்பதற்குள் வேட்டி வந்துவிட்டது. இன்னொரு தடவை என்று பொத்தானைத் தட்டினாள். திரை கறுத்தது. 'இந்தப் பதிவு இப்போது இல்லை.'

இல்லாவிட்டால் போ என்றாள் சந்திரமதி. அழுகை வரவில்லை. அழுவதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, பத்தில் ஒன்பது துணியில் இருக்கிறது. மேலே வளைவு என்றால் ஒன்று இல்லை, நாலு இல்லை, ஐந்து இல்லை, ஏழு இல்லை. ஆறுக்கு வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதுவும் இல்லை. மிச்சம் ஐந்து எண்தான். ஐந்து கழுத்தில் எது பொருந்தும் என்று வைத்துப் பார்க்கிறது ஒரு வேலையா. தன் பழைய பித்தான் போனை எடுத்து, கடைசி எண்ணாக ஒன்பதைப் போட்டு அடித்தாள். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். எட்டு. ஒரு ஆள் எடுத்தான், பின்னால் லாரி ஹாரன். டெய்லர் கடையா என்றாள். டிரைவருங்க என்றான், என்ன தைக்கணும் என்று சிரிக்கவும் செய்தான். பூஜ்யத்துக்கு மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்க ஆளில்லை. அப்போதுதான் தோன்றியது. இதுவாக இருந்தால்? பெயர் வராவிட்டாலும் நம்பரை வைத்தே அவள் என்று கண்டுகொண்டு ஒருத்தன் எடுக்காமல் உட்கார்ந்திருந்தால்? இல்லை, மிச்சம் இரண்டு இருக்கிறது, அதையும் அடித்துவிட்டு அப்புறம் பயப்படலாம். மூன்றைப் போட்டாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். குரல் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது, தையல் மிஷின் சத்தம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காலை எடுக்காமல் பேசுகிற பழக்கம். அவளுக்கும் அதே பழக்கம்தான், பார்த்து வளர்ந்தவன் வேறெங்கே கற்றிருப்பான். "சொல்லுங்க" என்றது குரல். தடித்துப்போன குரல், அவள் அறியாத குரல். நீதானாடா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். கேட்டால் யார் என்பான், யார் என்றதும் பெயரைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொன்னதும் வைத்துவிடலாம். பதிமூன்று வருஷம் தேடினதை ஒரு கேள்வியில் விட்டுவிட அவள் தயாராக இல்லை.

"ஒரு சட்டை தைக்கணும்" என்றாள்.

"அளவுச் சட்டை ஒண்ணு கொண்டாங்க."

"அளவு என்கிட்ட இருக்கு. பை மட்டும் வலது பக்கம் வைக்கணும்."

மிஷின் நிற்கவில்லை. ஓட்டம் மட்டும் குறைந்தது, தையல் தையலாக எண்ணலாம் போல மெதுவானது. பிறகு அந்தக் குரல் கேட்டது, "யாருக்கு?"

"என் தம்பிக்கு. முன்ன ஒரு தடவ இடது பக்கம் வச்சுட்டேன். கை தவறிருச்சுன்னு அவன்கிட்டச் சொன்னேன்." ஊதாத் துணியில் இருந்த ஒன்பது எண்ணையும் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள். "கை தவறலடா. வேணும்னேதான் வச்சேன்."

அந்தப் பக்கத்தில் மிஷின் நின்றது. தைத்துக்கொண்டிருந்த தையலுக்கு நடுவில், சொன்ன இடத்தில் நின்றது.